கேலிச்சித்திரத்தில் இல்லாத வாரிசு

பத்திரிகைகளில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும் படம் ஒன்று உண்டு. கட்டிலில் பெருத்த தொந்தியோடு ஒரு வியாபாரி படுத்திருப்பார். மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். தலைமாட்டில் இரும்புப் பெட்டி, இடுப்பில் சாவிக்கொத்து. கறுப்புக் கோட்டு வக்கீல் ஒரு காகிதத்தை விரித்துப் பிடித்திருப்பார். நான்கு பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். கையில் கைக்குட்டை இருக்கும். பார்வை மட்டும் சாவிக்கொத்தின் மேல் இருக்கும். அடியில் ஒற்றை வரியில் ஒரு நகைச்சுவை.

ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் குமாஸ்தாவும், புத்தூரில் தறிக் கொட்டகையை விட்டு டீக்கடைக்கு வரும் தொழிலாளியும், சித்தூர் வெல்ல மண்டியில் கணக்கு எழுதுகிறவரும் இந்தப் படத்தைப் பார்த்து ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருக்கிறது. ‘நல்லவேளை, நமக்கு அந்தத் தொல்லை இல்லை, இரும்புப் பெட்டி இருந்தால்தானே உயில்?’ என்ற நிம்மதி.

அந்த நிம்மதி நியாயமானதுதானா? இதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

பணக்காரன் வீட்டுப் பங்குச் சண்டை

வியாபாரியின் ஆஸ்தியையும் அவன் வாரிசையும் கேலி செய்து படம் போடும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் இருந்தார். அவர் 1735-ம் ஆண்டு எட்டுப் படங்களை அச்சிட்டு விற்றார். ஒரு கஞ்ச வியாபாரி செத்துப் போகிறான். மகன் டாம் சொத்துக்கு வருகிறான். முதல் படத்திலேயே தையற்காரன் அவனுக்குப் புது உடுப்புக்கு அளவெடுக்கிறான். துக்கத்துக்காகக் கறுப்புத் துணி கட்ட ஒருவன் ஏணியில் ஏறினால், கூரையில் அப்பன் ஒளித்து வைத்த காசு உதிர்கிறது. மகன் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சொத்துக் கணக்கு எழுத வந்தவன் இந்தப் பக்கம் காசை எடுக்கிறான். எட்டாவது படத்தில் டாம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

நம் நாட்டில் கல்கத்தா காளிகாட் கோவில் வாசலில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பட்டுவாக்கள் என்ற ஓவியர்கள் இருந்தார்கள். காளி கோவிலுக்கு வரும் யாத்ரீகர்களுக்குச் சாமி படம் எழுதிச் சில்லறைக் காசுக்கு விற்பது அவர்கள் பிழைப்பு. சாமி படத்தோடு சேர்த்து ‘பாபு’ படங்களையும் எழுதினார்கள். கம்பெனிக்காரனுக்குத் தரகு வேலை பார்த்துச் சம்பாதித்த குடும்பங்களில் பிறந்து, அந்தக் காசை ஊதாரித்தனமாகச் செலவழித்தவன்தான் அந்த பாபு. நடு வகிடு, பளபளக்கும் செருப்பு, ஆங்கில நாற்காலி. ஒரு படத்தில் அவன் மனிதத் தலை கொண்ட ஆட்டுக்கடாவாக இருக்கிறான். ஒரு தாசி கயிறு கட்டி இழுத்துப் போகிறாள். வரி எதுவும் தேவைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத யாத்ரீகனும் பார்த்துச் சிரித்தான்.

திருப்பதியும் யாத்ரீகர் ஊர்தான். சந்நிதித் தெருக்களில் சாமி படத்துக்குக் குறைவில்லை. கேலிப் படம் விற்பார் யாருமில்லை. ஆனால் கேலிப் படத்துக்கு வேண்டிய விஷயம் இந்த ஊரின் ஐதீகத்திலேயே இருக்கிறது. பத்மாவதித் தாயாரைக் கல்யாணம் செய்துகொள்ள ஸ்ரீநிவாசர் குபேரனிடம் கடன் வாங்கினார்; கலியுகம் முடியும்வரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொல்வார்கள். அந்தப் பணத்தை அளந்து அளந்து களைத்துப் போன அண்ணன் கோவிந்தராஜர், மரக்காலையே தலைக்கு வைத்துக் கீழ்த்திருப்பதியில் படுத்துவிட்டார் என்பதும் அதே ஐதீகம். கடவுளையே கடன்காரராகவும், அவர் அண்ணனைக் கணக்குப்பிள்ளையாகவும் வைத்துப் பார்த்த ஜனங்கள், பணத்தைப் பற்றிக் கேலி செய்யத் தெரியாத ஜனங்களாக இருக்க முடியுமா?

பச்சையப்பர் விட்டுச் சென்ற வழக்கு

நம்மவர் கதையே ஒன்று இருக்கிறது. திருப்பதிக்கும் சென்னைக்கும் போய்வரும் சித்தூர்த் தமிழர்களுக்குப் பெரியபாளையம் தெரியாமல் இராது. அந்த ஊரில் 1754-ல் பிறந்தவர் பச்சையப்ப முதலியார். ஏழைக் குடும்பம். சென்னையில் ஆங்கில வியாபாரிகளுக்கு துபாஷாக இருந்து பெரும் பொருள் ஈட்டினார். 1794 மார்ச் 22-ம் தேதி உயில் எழுதினார்; அதே மாதம் 31-ம் தேதி காலமானார். வயது 40. தேடிய செல்வத்தில் பெரும் பகுதியைக் கோவில் தர்மங்களுக்கு என்று எழுதி வைத்தார்.

எழுதியவர் போய்விட்டார், எழுத்தும் பணமும் மற்றவர் கையில் சிக்கின. உறவினர் தாவா, நிர்வாகிகள் தாவா என்று வருஷங்கள் ஓடின. பிறகு அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயற்சியால் விஷயம் சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்து, 1832-ல் தீர்ப்பாயிற்று. 38 வருஷம்! உயில் எழுதிய அன்று பிறந்த குழந்தை தீர்ப்பு அன்று பேரன் எடுக்கும் வயதுக்கு வந்திருக்கும். தர்மத்துக்கு ஒதுக்கியது போக மிஞ்சிய பணத்தில்தான் 1842-ல் பச்சையப்பர் பள்ளி தோன்றியது. அதுவே பின்னால் கல்லூரியாயிற்று.

இது நல்ல முடிவு பெற்ற கதை. இப்படி முடியாத கதைகள் எத்தனை! திருபாய் அம்பானி 2002 ஜூலையில் காலமானார், உயில் இல்லை. இரு புதல்வர்களுக்கும் இடையில் மூண்ட தகராறு தேசத்துச் செய்தியாயிற்று. 2005 ஜூனில் தாயார் கோகிலாபென் முன்னிலையில் வியாபாரம் பிரிக்கப்பட்டது. 2004-ல் காலமான பிரியம்வதா பிர்லா தம் சொத்தை ஆடிட்டர் ஒருவருக்கு எழுதியிருந்தார் என்று தெரியவந்ததும் பிர்லா குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. ஆடிட்டரும் 2008-ல் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகும் வழக்கு ஓயவில்லை. உயில் இல்லாவிட்டாலும் வழக்கு, இருந்தாலும் வழக்கு. கேலிச்சித்திரக்காரர்களுக்கு விஷயப் பஞ்சமே இல்லை.

யாருக்கும் வலிக்காத கேலி

ஆனால் இங்கே ஒரு சந்தேகம் எழுகிறது. தமிழில் கேலிச்சித்திரம் பலமுள்ள ஆயுதமாக இருந்திருக்கிறது. 1906-ல் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகை அதை வெள்ளையன் மேல் பிரயோகித்தது. 1987-ல் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேலி செய்த அட்டைப் படத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டசபை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் இரண்டொரு நாளில் அவர் விடுதலையானார். பின்னால் கோர்ட்டு அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. குத்த வேண்டிய இடத்தில் குத்தியதால்தான் அந்தப் படத்துக்குத் தண்டனை கிடைத்தது.

தொந்தி வியாபாரியின் உயில் படத்தைப் பார்த்து யாராவது கோபித்ததுண்டா? எந்த வியாபாரியாவது வழக்குப் போட்டதுண்டா? இல்லை. யாருக்கும் கோபம் வராத கேலி யாரையும் தொடவில்லை என்றுதான் அர்த்தம். பணக்காரன் அதைப் பார்த்து, ‘நம்மைப் போலவா இருக்கிறான்?’ என்று புரட்டிவிடுகிறான். ஏழை அதைப் பார்த்து, ‘நமக்கென்ன?’ என்று புரட்டிவிடுகிறான். இதற்கிடையில் வியாபாரம் செய்யும் ஒரு ஜாதியார் எல்லோருமே கஞ்சர்கள் என்ற வீண் பழி மட்டும் மிச்சமாகிறது. கஞ்சத்தனத்துக்கு ஜாதி ஏது?

இன்னொரு குறையும் உண்டு. அதுதான் பெரிய குறை. அந்தப் படத்தில் நான்கு பிள்ளைகளும் ஆண்கள். மகள் எங்கே? வியாபாரிக்கு ஒரு மனைவி இருந்தால் கட்டிலுக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான் அவள் பாத்திரம். அம்பானி தகராறின்போதும் தேசம் முழுவதும் இரண்டு சகோதரர்களைப் பற்றித்தான் பேசிற்று. அவர்களுக்கு இரண்டு சகோதரிகளும் இருந்தார்கள் என்பது எத்தனை பேர் நினைவில் நின்றது?

ஹோகார்த் அப்படி விட்டுவிடவில்லை. அவருடைய முதல் படத்தின் ஓரத்தில், டாம் கெடுத்துக் கைவிட்ட ஏழைப் பெண் மோதிரத்தைக் கையில் பிடித்து அழுதுகொண்டு நிற்கிறாள். சொத்து கைக்கு வந்தவுடன் அவளைக் காசு கொடுத்து அனுப்பப் பார்க்கிறான் வாரிசு. 1745-ல் அவர் வெளியிட்ட இன்னொரு படவரிசையில் ஒரு பணக்கார வியாபாரி, பட்டத்துக்கு ஆசைப்பட்டு மகளை ஒரு பிரபு வீட்டில் விற்காத குறையாகக் கட்டிக் கொடுக்கிறான். கடைசிப் படத்தில் விஷம் குடித்துச் சாகும் மகளின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். சொத்தைப் பற்றி எழுதிய கேலிச்சித்திரத்தில் அதைவிடக் கொடுமையான கோடு இழுக்கப்பட்டதில்லை. அதைப் பார்த்து யாரும் நிம்மதியாகச் சிரிக்க முடியாது.

சட்டம் வந்தது, படம் மாறவில்லை

மகளைப் படத்தில் சேர்ப்பதற்குச் சித்தூர், திருப்பதிக்காரர்களுக்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டம், தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவன் சுயார்ஜிதச் சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்றது. பிதிரார்ஜிதக் கூட்டுச் சொத்தில் மட்டும் மகன் பிறப்பாலேயே பங்காளி, மகள் இல்லை. இந்த அநியாயத்தை நீக்கி, மகனைப் போல் மகளும் பிறப்பாலேயே பங்காளி என்று இந்திய மாநிலங்களில் முதலில் சட்டம் செய்தது ஆந்திரப் பிரதேசம். என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது வந்த அந்தத் திருத்தம் 1985 செப்டம்பர் 5 முதல் அமலுக்கு வந்தது. அவர் ஆட்சியில்தான், 1983-ல், திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் தோன்றிற்று. தமிழகம் 1989-ல் பின்தொடர்ந்தது. ஆனால் இரண்டு சட்டங்களிலும் ஏற்கெனவே கல்யாணமான பெண்ணுக்கு இடமில்லை. 2005-ல் மத்திய அரசு அந்தத் தடையையும் நீக்கிற்று. 2005-ல் தகப்பன் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளின் உரிமை போகாது என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. முஸ்லிம் சட்டத்தில் மகளுக்குத் தொன்றுதொட்டே பங்கு உண்டு, மகனுடையதில் பாதி. கிறிஸ்துவர்களுக்குப் பொருந்தும் வாரிசுச் சட்டத்தில் மகன், மகள் பேதமில்லை.

சட்டம் வந்தது; வழக்கம் போயிற்றா? புத்தூரிலோ நகரியிலோ வீடு கட்டிய தமிழர் ஒருவர் மகளை வேலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருப்பார். அவர் காலமானபின் காரியம் முடிந்த கையோடு சகோதரர்கள் அவளை சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸுக்கு அழைத்துப் போவார்கள். ஒரு பட்டுப் புடவை, ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, கொஞ்சம் ரொக்கம். எதிரே ஒரு விடுதலைப் பத்திரம். அது தெலுங்கில் இருக்கும். வேலூரில் வாழ்கிற பெண்ணுக்குத் தெலுங்கு படிக்க வராது. ‘கையெழுத்துப் போடும்மா, நம் வீட்டு விஷயம்தானே’ என்பார் அண்ணன். போடாவிட்டால் பிறந்தகத்து வாசல் அடைபடும். நாளைக்குத் தன் பெண்ணுக்குச் சீர் செய்ய மாமன் வரமாட்டான். அவள் போட்டுவிடுகிறாள். தான் விட்டுக்கொடுத்தது என்ன, அதன் மதிப்பு என்ன என்பது கடைசிவரை அவளுக்குத் தெரிவதில்லை.

இந்த வீட்டில் இரும்புப் பெட்டி இல்லை, தொந்தி இல்லை, கறுப்புக் கோட்டு இல்லை. ஆனால் நடப்பது அதே படம்தான். கழற்றப்படும் மோதிரமும் அதேதான்.

நாமினி என்றால் சொந்தக்காரனா?

‘நமக்கென்ன ஆஸ்தி?’ என்கிற குமாஸ்தா தன் கையிருப்பைக் கணக்குப் பார்க்கட்டும். ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி, வங்கியில் ஒரு டிபாசிட், ஊரில் பாகம் பிரியாத கால் ஏக்கர், திருப்பதியில் கடனில் கட்டிய இரண்டு அறை வீடு. பெரும் வியாபாரியின் ஆஸ்திக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம், சிக்கலில் இல்லை. பாரத்தில் நாமினி என்ற இடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தம்பி பெயரை எழுதியிருப்பார். கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்த பிறகும் அதை மாற்றியிருக்கமாட்டார். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கைதான். சொந்தக்காரர்கள் வாரிசுகளே என்று இன்ஷூரன்ஸ் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்டு 1983-லேயே தீர்ப்புச் சொன்னது. வங்கி டிபாசிட்டுக்கு 2010-ல் அதையே சொன்னது. கம்பெனிப் பங்குகளுக்கு 2023-ல். இன்ஷூரன்ஸில் மட்டும் 2015-ல் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று வைத்தார்கள். தம்பி அந்த ஜாபிதாவில் இல்லை. தம்பி கையில் போன பணத்தை விதவை கோர்ட்டு ஏறித்தான் வாங்க வேண்டும்.

உயில் எழுதுவது பணக்காரன் காரியம் என்பதும் தவறு. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைக் காகிதம் போதும். தமிழில் எழுதலாம். ரிஜிஸ்டர் செய்தால் நல்லது. செய்தே ஆகவேண்டும் என்பதில்லை. எழுதியவர் கையெழுத்தும், அதை நேரில் கண்ட இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் கட்டாயம். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காமலிருப்பது உத்தமம். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. உயில் இருபக்கமும் கூர் உள்ள கத்தி. சுயார்ஜித வீட்டை மகனுக்கே எழுதி, சட்டம் மகளுக்குக் கொடுத்ததைத் தகப்பனே பறிக்கவும் அதனால் முடியும். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ‘கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, அவளுக்கு எதற்கு?’ என்பது அவர்கள் வாதம். மகனைப் படிக்கவைத்த செலவையும், அவன் வேலைக்குக் கட்டிய பணத்தையும் அதே கணக்கில் எழுதினால் அல்லவா வாதம் நேராகும்? அதை யாரும் எழுதுவதில்லை.

கடனுக்கும் வாரிசு உண்டு என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்கத்தாவில் பெரும் வியாபாரியாக இருந்த துவாரகநாத் தாகூர் 1846-ல் பெருங்கடனை வைத்துவிட்டு இறந்தார். மகன் தேவேந்திரநாத் அதைப் பொறுப்பேற்றுத் தீர்த்தார். அது அவர் பெருந்தன்மை. தகப்பன் பட்ட கடனைத் தர்மத்துக்குக் கட்டுப்பட்டு மகன் தீர்க்க வேண்டும் என்ற பழைய விதியை 2005-ம் வருஷத்துத் திருத்தம் எடுத்துவிட்டது. தகப்பன் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மேல், அதற்குப் பின் வாங்கிய கடனுக்காக மகன் தலையில் கை வைக்க முடியாது. வாசலில் வந்து மிரட்டும் வட்டிக்காரனிடம் சொல்லவேண்டிய பதில் இது. கலியுகம் முடியும்வரை வட்டி கட்டும் பாக்கியம் ஏழுமலையானுக்கு மட்டும் இருக்கட்டும்.

இனி ஒரு படம்

‘கேலிச்சித்திரக்காரனுக்குச் சிரிக்க வைப்பதுதான் வேலை, சட்டம் சொல்லிக்கொடுப்பது அவன் வேலையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டம் சொல்லித்தர வேண்டாம். பார்ப்பதை முழுதாகப் பார்த்து வரையட்டும், அது போதும். பணக்காரன் வீட்டுக் கட்டிலையே சுற்றிக்கொண்டிராமல் கொஞ்சம் இறங்கி வரட்டும். மாலி, ராஜு, கோபுலு காலத்திலிருந்து தமிழிலும், தலிசெட்டி ராமராவ், பாபு காலத்திலிருந்து தெலுங்கிலும் நல்ல கோடு இழுக்கும் கைகளுக்குப் பஞ்சமிருந்ததில்லை. விஷயம்தான் பழகிப்போய்விட்டது.

சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் பெஞ்சு. நடுவில் ஒரு பெண். மடியில் புதுப் பட்டுப் புடவை, விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது. இரண்டு பக்கமும் இரண்டு அண்ணன்கள், ஆளுக்கு ஒரு பேனாவை நீட்டிக்கொண்டு. பத்திரம் அவளுக்குத் தெரியாத எழுத்தில். இதை யாராவது வரையட்டும். சித்தூரிலும் திருப்பதியிலும் டீக்கடையில் பத்திரிகையைப் பிரிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு முதலில் சிரிப்பு வராது. முகம் கொஞ்சம் சிவக்கும். அந்தப் படம் குத்தவேண்டிய இடத்தில் குத்திவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தா தன் பாலிசியை எடுத்து நாமினி பெயரைப் பார்க்கட்டும். அடுத்த தடவை தங்கை ஊருக்கு வரும்போது பத்திரத்தை நீட்டுமுன், அதை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டட்டும். படித்துக் காட்டிய பிறகும் அவள் விட்டுக்கொடுத்தால் அது அன்பு. படித்துக் காட்டாமல் வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.